விடைத்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒரு தந்தை தன் மனக்குறையை எழுதியிருந்தார். மகளைப் புதுப் பள்ளியில் சேர்ப்பதற்காக மூன்று மாதம் விடாமல் கணக்குப் போட வைத்தாராம். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பார்க்கும் கணித பிளேஸ்மென்ட் டெஸ்ட் முடிந்ததும் அவளைக் கடைசிப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்களாம். "என் மகள் தோற்றுவிட்டாள்" என்று முடித்திருந்தார். அந்த வரி எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசி 12 வருடம் இந்த டெஸ்டுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் என் தலையில்தான் விழுந்தது. மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன்: இதில் தோற்க முடியாது. தோற்கும்படி அதைச் செய்யவே இல்லை. ஜவுளிக்கடையில் தையற்காரர் டேப் வைத்துத் தோளை அளக்கிறார். அதில் யாராவது பாஸ், ஃபெயில் என்கிறோமா? புதிதாக வரும் பிள்ளைக்கு எதுவரை தெரியும், எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பதுதான் டெஸ்ட். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தால், தைத்து வரும் சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியாது.

அப்படி ஒரு சட்டையை நானே ஒரு பையனுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போது எங்கள் டெஸ்டில் 25 கேள்வி, எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அவன் 20 சரியாகப் போட்டிருந்தான். யோசிக்காமல் மேல் பிரிவில் சேர்த்தேன். முதல் மாதம் முடிவதற்குள் அவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். அரையாண்டு வரும்போது கணக்கு வகுப்பு என்றாலே வயிற்றுவலி. கூப்பிட்டு வைத்துப் பேசிய பிறகுதான் தெரிந்தது, பழைய கேள்வித்தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு விடையின் சாயலைப் பார்த்தே குறி வைக்கும் வித்தையை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வித்தை நன்றாகத்தான் வேலை செய்தது. பாதிக்கப்பட்டது அவன். நான்கு விடைகள் உள்ள 25 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறி வைத்தாலே சராசரியாக ஆறேனும் சரியாக விழும் என்பது கணக்கு டீச்சரான எனக்கு அன்று உறைக்காமல் போனது.

அதே வருடம் ஒரு பெண் 11 கேள்விதான் போட்டிருந்தாள். ஆனால் அந்தப் பதினொன்றும் சரி. மீதியைத் தொடவே இல்லை. கீழ்ப் பிரிவில் போட்டேன். இரண்டு மாதத்தில் அந்த வகுப்பு டீச்சரே வந்து, "இந்தப் பெண் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை" என்றார். நான்காவது கேள்வியில் மாட்டிக்கொண்டு, அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்பது தெரியாமல், பாதி நேரத்தை அங்கேயே கழித்திருக்கிறாள். இந்த இரண்டு பேருக்கும் பிறகு நான் கேள்வித்தாளை மாற்றினேன். வழியை எழுதிக் காட்டும் கணக்குகளைச் சேர்த்தேன். மார்க்கை எண்ணுவதற்கு முன்னால் தவறுகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் மறந்திருந்தேன். என் பேத்தி ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது. டெஸ்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகள் போன் செய்தாள். "அம்மா, இவர் நாற்பது கேள்வித்தாள் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். பிள்ளை அழுகிறாள். நீ வா." போனேன். கட்டு நிஜமாகவே மேஜைமேல் இருந்தது. பாதி ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. மாப்பிள்ளை நல்ல மனிதர். அவர் பார்த்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை இரண்டு மாறிகள் உள்ள சமன்பாட்டை மடமடவென்று தீர்ப்பதைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத்தாளில் பத்து சின்னக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். எல்லாமே அவள் எப்போதோ படித்து முடித்தவை. "பாட்டி, இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் கணக்கு" என்று சிரித்தாள். சரி, போடு என்றேன். பத்தில் நான்கு தவறு.

முதல் தவறு: 0.35, 0.4 இரண்டில் பெரியது எது? 0.35 என்று எழுதியிருந்தாள். முப்பத்தைந்து நாலைவிடப் பெரியதுதானே! தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கும் பழக்கம் இது. 0.4 என்பதை 0.40 என்று எழுதிப் பார்க்கச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். இது சீக்கிரம் சரியாகிற தவறு.

இரண்டாவது, 12 − 5 + 3. எந்தச் செயலை முதலில் செய்வது என்பதற்கான வரிசையைப் போட்மாஸ் (BODMAS) என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அதில் கூட்டல் முன்னால் வருகிறது, கழித்தல் பின்னால் வருகிறது. அதனால் 5ஐயும் 3ஐயும் முதலில் கூட்டி, 12இல் இருந்து 8ஐக் கழித்து, 4 என்று எழுதிவிட்டாள். சரியான விடை 10. கூட்டலும் கழித்தலும் ஒரே தட்டில் இருப்பவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்பதை அந்த மந்திரம் சொல்லிக்கொடுப்பதில்லை. வகுத்தல், பெருக்கலும் அப்படித்தான். 48 ÷ 6 × 2 என்றால் 16. பெருக்கலை முன்னால் வைத்து மனப்பாடம் செய்த பிள்ளைகள் இதற்கு 4 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? அவள் 12 என்று எழுதியிருந்தாள். சமன்பாடு தீர்க்கிற பிள்ளை! ஆனால் இதில் ஆச்சரியமில்லை. சின்ன வயதிலிருந்து '=' குறியை "இப்போது விடையை எழுது" என்கிற கட்டளையாகவே பார்த்து வளர்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே எடை என்பதுதான் அதன் அர்த்தம். அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். வேல்ஸில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் 1557இல் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தினார். "இதற்குச் சமம், இதற்குச் சமம்" என்று வார்த்தையில் திரும்பத் திரும்ப எழுதி அவருக்கு அலுத்துவிட்டது. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறென்ன இருக்க முடியும் என்று இரண்டு கோடுகளைப் போட்டார். "அப்போ இது தராசா பாட்டி?" என்று கேட்டாள். தராசுதான். அதன் பிறகு 7 என்று அவளே மாற்றி எழுதினாள். ஒரு பக்கம் இருக்கும் எண்ணை மறுபக்கம் கொண்டுபோனால் குறி ஏன் மாறுகிறது என்பதும் அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவரை "அந்தப் பக்கம் போனா மாறும்" என்று நம்பிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

நான்காவது தவறு பின்னத்தில். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால்? 2/5. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டாள். என் 31 வருடத்தில் நான் அதிகமாகச் சிவப்பு மையில் சுழித்த விடை இதுவாகத்தான் இருக்கும். உடனே மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று ஆரம்பிக்காமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய். 2/5 என்பது அரையைவிடப் பெரியதா, சின்னதா?" ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்த பிறகு குறைந்துபோகிறதே என்பது அவளுக்கே உறுத்திய பிறகுதான் பகுதிகளை ஆறாக மாற்றி 5/6 என்று போட்டோம். விடை எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே உத்தேசமாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், டெஸ்டில் பாதித் தவறுகளைப் பிள்ளையே பிடித்துவிடும். மூன்றை அரையால் வகுத்தால் ஒன்றரை என்று எழுதுகிற பிள்ளையும் அப்படித்தான். மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டால் போதும், ஆறு என்று வாயால் சொல்லிவிடும்.

குறை எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 − (−3) என்றால் 8 என்று சரியாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்றாள். அது பதில் இல்லை, பாட்டு. 628ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக் கணித மேதை பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து விதிகளை எழுதியிருக்கிறார். கடனை நீக்கினால் செல்வம் கூடும். உன் கணக்கில் இருந்து 3 கடனை யாரோ தள்ளுபடி செய்தால் நீ 3 கூடுதலாக வைத்திருப்பவள் ஆகிறாய் இல்லையா? இதைச் சொன்ன பிறகு −3 இன் வர்க்கத்தில் அடைப்புக்குறி போட்டால் 9, போடாமல் −3² என்று எழுதினால் −9 என்கிற வேறுபாட்டையும் அவளால் நிதானமாகப் பேச முடிந்தது.

ஆக, மேலே போவதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினோம். நாற்பது கேள்வித்தாள் கட்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடியது, பரவாயில்லை. தினமும் அரை மணி நேரம்தான். ஒரே மாதிரிக் கணக்கு இருபது போடுவதில்லை. பின்னம் ஒன்று, சதவீதம் ஒன்று, கோணம் ஒன்று, வார்த்தைக் கணக்கு ஒன்று என்று கலந்து எட்டு. கலந்து போட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஏனென்றால் எந்த வழியில் போட வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டெஸ்டிலும் அப்படித்தானே? அங்கே கேள்விக்குத் தலையில் பாடத்தின் பெயர் எழுதியிருக்காது.

தவறுக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்தாள். அதில் சரியான விடையை எழுதக் கூடாது, தான் ஏன் அப்படிப் போட்டேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். "நூறில் 20 சதவீதம் ஏறி, அப்புறம் 20 சதவீதம் இறங்கினா பழைய இடத்துக்கே வரும்னு நினைச்சேன். ஆனா இறங்கறது 120ல இருந்து. அதனால 96." இது அவள் எழுதியது. அந்த நோட்டை இப்போது திருடிக்கொண்டு வந்து என்னிடம் வைத்திருக்கிறேன்.

ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. ஜெர்மனியின் உளவியல் அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டு அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. அவர் படித்தது கணக்கு இல்லைதான். ஆனாலும் வாய்பாட்டையும் பின்னத்தையும் பொறுத்தவரை நான் வகுப்பில் பார்த்ததும் இதையேதான்.

டெஸ்ட் எந்த மாதிரி என்பதைப் பள்ளியிடம் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். கால்குலேட்டர் உண்டா, தவறான விடைக்கு மார்க் குறைப்பார்களா, வழியை எழுத வேண்டுமா, எவ்வளவு நேரம். கேட்டால் பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்குகிற பெற்றோர் அதிகம். யாரும் நினைப்பதில்லை. 25 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடையாது. அது முன்பே தெரிந்தால், மாட்டிக்கொண்ட கேள்விக்கு ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும் பழக்கத்தை வீட்டிலேயே வரவழைக்கலாம். அந்தப் பதினோரு கேள்விப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் வைக்கும் டெஸ்ட் பல இடங்களில் வேறு விதம். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறாகப் போட்டால் எளிதாகும். பிள்ளைக்குப் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வருகிற இடத்தைத் தேடிப் போவதுதான் அதன் வேலை. அதனால் நன்றாகப் போடுகிற பிள்ளைக்கும் நிறையக் கேள்விகள் தெரியாமல்தான் இருக்கும். பெரும்பாலும் முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. இது தெரியாத பிள்ளை பத்தாவது கேள்வியிலேயே "எனக்கு ஒண்ணுமே வரலை" என்று உடைந்துபோகும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கையில் ஒரு வெள்ளைத்தாள் தருவார்கள். திரையைப் பார்த்து மனக்கணக்காகப் போடாமல் அதில் எழுதிப் போட வேண்டும். என் பேத்திக்கு இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். முந்தின நாள் ஒரு கணக்கும் போடவில்லை. சீக்கிரம் தூங்கப் போகச் சொன்னேன், தூங்கவில்லை, வேறு விஷயம்.

அந்தத் தந்தைக்கு வருகிறேன். ஐயா, உங்கள் மகள் கடைசிப் பிரிவில் இருப்பது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிய ஒரே வழி, அவள் எந்தக் கணக்கை எப்படித் தவறாகப் போட்டாள் என்று பார்ப்பதுதான். அதைப் பார்க்கக் கொடுப்பதில்லை என்பதுதான் இங்கே நிஜமான குறை. நீங்கள் உங்கள் கடிதத்தில் பாடத்திட்டத்தை முன்கூட்டியே வெளியிடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வெளியிட்டால் இன்னும் பெரிய கட்டாகப் பிரிண்ட் எடுப்போம், அவ்வளவுதான் நடக்கும். டெஸ்ட் முடிந்த பிறகு விடைத்தாளைப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் டெஸ்டாக இருந்தால் எந்தெந்தப் பகுதியில் தடுமாறினாள் என்று ஒரு பக்கம் அச்சடித்துத் தரட்டும். அப்புறம், ஆறேழு வாரம் வகுப்பு நடந்ததும் பிரிவை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு காலைப்பொழுதில் எடுத்த அளவை வருடம் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவது எந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை. கேள்விகள் வெளியே போய்விடும் என்று பள்ளிகள் சொல்லும். நானும் பன்னிரண்டு வருடம் அதையேதான் சொன்னேன். உண்மையில் புதுக் கேள்வித்தாள் எழுத எனக்குச் சோம்பல். எண்களை மாற்றிப் போட ஒரு மத்தியானம் போதும்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால், ரெக்கார்டையும் பிரம்மகுப்தரையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். மேலே உள்ள பத்தியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்தியை நடுப் பிரிவில் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி, அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தோழி கிடைத்ததில் சந்தோஷம். விடைத்தாளைப் பார்க்க முடியுமா என்று நான் போய்க் கேட்டேன். தருவது வழக்கமில்லை என்றார்கள். அந்தப் பதிலை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதால் வாதாடவில்லை. அன்று ராத்திரி அவளும் நானும் மேஜையில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே ஒவ்வொரு கேள்வியாக எழுதிப் பார்த்தோம். விகிதத்தில் ஒரு தவறு, "ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதும்போது ஆறைத் தவறான பக்கம் வைத்தது இன்னொன்று. இரண்டும் தவறு நோட்டில் ஏறின. பதினேழாவது கேள்வி மட்டும் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. ஏதோ முக்கோணம் என்கிறாள். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர்